ஒரு பந்தயத்துக்கு இரண்டு கூட்டம்

கற்பிட்டிக் கடைத்தெருவில் எமிலியாவின் கடைக்கு மூன்று பெயர்ப்பலகைகள். முதல் பலகையில் ‘கொம்யூனிகேசன்’ என்றிருக்கும். அதன்மேல் ஆணியடித்த இரண்டாவதில் ‘வீடியோ சென்டர்’. இரண்டுக்கும் மேலே நான்கு வருடத்துக்கு முன் ஏறியது ‘டிஜிட்டல்’. பழசைக் கழற்றக்கூடாதா என்று யாராவது கேட்டால், "கழற்றினா சுவரும் சேர்ந்து வரும்" என்பாள்.

பலகைகள் ஏறிய வரிசைதான் அவள் வாழ்ந்த வரிசையும். தொண்ணூறாம் ஆண்டு, பதினொரு வயதில், மன்னார்ப் பக்கத்திலிருந்து மீன்பிடி வள்ளத்தில் வந்து இறங்கியவள். பத்தொன்பது வயதில் இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வெளிநாட்டில் இருக்கிற புருசனோடு கதைக்க வரும் பெண்களுக்கு நம்பர் சுழற்றிக் கொடுத்து, மூன்று நிமிடம் முடிந்ததும் கண்ணாடியில் தட்டுவது வேலை. கடைக்காரர் கொழும்புக்குப் போனபோது கடையைத் தானே எடுத்துக்கொண்டாள். பக்ஸ் மெசின் வந்தது, போட்டோக்கொப்பி வந்தது, கலியாண வீடியோ வந்தது. ஆட்கள் தங்களுக்குள் செய்தி பரிமாற எந்த இயந்திரம் வந்தாலும் அது முதலில் தன் மேசைக்கு வந்துவிட வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு பிடிவாதம். கணவன் ஜெறாட் கட்டாரில் கிறேன் ஓட்டுகிறான். "உனக்கு ஊரில் உள்ளவனோட கதைக்கிறதைவிட மெசினோட கதைக்கத்தான் விருப்பம்" என்று போனில் நக்கலடிப்பான்.

மோட்டார் சைக்கிள் பந்தயம் அந்தக் கடைக்குள் நுழைந்தது போர் முடிந்த மறுவருடம். சோதனைச்சாவடிகள் போய், பாலாவி தொடக்கம் ரோட்டுக்குத் தார்க் கார்ப்பட் விழுந்து, இளந்தாரிகள் லீசிங்கில் பைக் எடுத்த காலம். ஆனி பிறந்தால் களப்பு வற்றிச் சங்குத்திடல் முழுக்க வெளுத்த தரையாகிவிடும். பைக் திருத்தும் ஹாசிம் அங்கே கயிறு கட்டி, வட்டம் போட்டு, ஒரு கழகமும் தொடங்கினார். எமிலியா கமராவோடு போனாள்.

முதல் வருடம் சீடி போட்டாள். நன்றாகப் போனது. பாதி, கட்டாருக்கும் சவூதிக்கும் போகிறவர்களின் பயணப்பெட்டிக்குள் போனது. மீதி உச்சமுனைத் தீவுக்கும் உப்பளத்து வாடிகளுக்கும். உச்சமுனையில் ஜெனரேட்டர் போட்டு ஒரே சீடியை ஒரு மாதம் பார்த்தார்கள். எவன் எந்தத் திருப்பத்தில் விழுவான் என்பது அவர்களுக்கு மனப்பாடம். "விழுகிற இடத்தை மட்டும் மெதுவா ஓடவிட்டுத் தாங்க, நாலு தரம்" என்று ஆளனுப்பிக் கேட்டார்கள். கொடுத்தாள். ஆனால் சீடி பார்த்தவர்களில் அடுத்த வருடம் திடலுக்கு வந்தவர் சொற்பம். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு ஒருவர், "பார்த்தாச்சே" என்றார். அந்தப் பதிலை எமிலியா நெடுநாள் யோசித்தாள். பந்தயத்தைப் பரப்புகிறோம் என்று நினைத்துப் பந்தயத்துக்குப் பதிலாக ஒன்றைக் கொடுத்துவிட்டோமோ?

பிறகு பேஸ்புக் வந்தது. கழகத்தின் பெயரில் பக்கம் திறந்தாள். ஐந்து வருடத்தில் பதினாலாயிரம் பேர் சேர்ந்தார்கள். சுவர்களில் போஸ்டர். தெருவில் முத்தலிபுவின் ஓட்டோ.

முத்தலிபுவைத் தெரியாதவர் கற்பிட்டியில் இல்லை. எமிலியாவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். ஊர் வழக்கப்படி ‘நானா’, அதாவது அண்ணன், என்று அவரைக் கூப்பிடுவாள். ஓட்டோவின் மேல் இரண்டு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஜனாஸா எனும் மரண அறிவித்தல், கண் கிளினிக், காணாமல் போன ஆடு, பந்தயம் எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்வார். "ஆட்டுக்கும் மையித்துக்கும் ஒரே ராகமா நானா?" என்று எமிலியா ஒருநாள் கேட்டதற்கு, "குரலை மாத்தினா சனம் நம்பாது புள்ள" என்றார்.

இப்படிப் பிரச்சினையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த காரியத்தில் ஒரு கேள்வியோடு வந்து சேர்ந்தார் பரமநாதன். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து சிலாபத்தில் டயர்க்கடை வைத்தவர். கழகத்துக்கு நான்கு வருடமாக அனுசரணை அவர்தான். நோன்பு பத்தாம் நாள் போல எமிலியாவின் கடைக்கு வந்து, போட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளை, நான் வருசம் வருசம் எல்லாத்துக்கும் குடுக்கிறன். போஸ்டருக்கும் குடுக்கிறன், ஸ்பீக்கருக்கும் குடுக்கிறன். உண்மையில் எதைப் பார்த்துச் சனம் வருது?"

எமிலியா ஒரு கணமும் தாமதிக்கவில்லை. "பேஸ்புக் அண்ணை. அதொண்டே காணும். போஸ்டரும் அதில போற படம்தான். முத்தலிபு நானாட ஓட்டோ இனித் தேவையில்லை."

"நிச்சயமாவோ?"

"பதினாலாயிரம் பேர் அண்ணை. கற்பிட்டி டவுனில அவ்வளவு கதவு இருக்கா?"

பரமநாதன் சிரித்தார். தன் திட்டத்தைச் சொன்னார். இந்த வருடம் கற்பிட்டி முடிய உடப்புக் கடற்கரையிலும் வண்ணாத்திவில்லுவிலும் பந்தயம் வைக்கப் போகிறார். மூன்றுக்கும் விளம்பரம் ஒரே கையில். "கற்பிட்டியை வைச்சு எனக்கு ஒரு ஒப்பீடு எழுதித் தாங்கோ. எதால எத்தனை பேர், எப்பிடியான ஆக்கள். சரியெண்டால் வேலை உங்களுக்குத்தான். ஹாசிம் முத்தலிபுக்கு ஏற்கனவே சொல்லிப்போட்டாராம். இந்தமுறை மட்டும் அவரும் சுத்தட்டும்."

எமிலியாவுக்கு அந்த வேலை அவசியமாக இருந்தது. பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரருக்கு விடுதி கட்டுவதற்காகக் கடைக் கட்டடத்தை வருட முடிவில் விட்டுத்தரும்படி உரிமையாளர் சொல்லியிருந்தார். மூன்று பந்தய வேலையும் கிடைத்தால் தெருவின் மறுமுனையில் வேறிடம் எடுக்கலாம். கிடைக்காவிட்டால் நீர்கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு நிற்க வேண்டியதுதான். பதினெட்டு வருடம் தனக்குத்தானே முதலாளியாக இருந்தவளுக்கு அது தொண்டையில் இறங்காத விசயம்.

ஆகவே போஸ்டரில் உயிரைக் கொடுத்தாள். ஹாசிமிடம் திகதி கேட்டாள்.

"நோன்புப் பெருநாள் மறுநாள்" என்றார் ஹாசிம்.

"திகதி சொல்லுங்க நானா. சிலாபத்தானுக்கு மறுநாள் எண்டா என்ன விளங்கும்?"

"சனி பெருநாள் வரும். அப்ப ஞாயிறு போடு. பிறை பார்த்துத்தான், தெரியுந்தானே."

அவளுக்குத் தெரியாமல் என்ன? கற்பிட்டியில் நோன்பு மாதத்தில் அடிக்கும் எந்த நோட்டீசிலும் கடைசியில் ஒரு வரி இருக்கும்: ‘பிறை பார்த்து நாள் மாறலாம்.’ கலியாணமோ விளையாட்டுப் போட்டியோ, அந்த வரி இல்லாமல் ஒன்றும் போகாது. எமிலியா தன் கையாலேயே அதை ஆயிரம் தரம் அடித்திருப்பாள். இந்தப் போஸ்டரிலும் அடித்தாள். ஆனால் படத்தில் பாய்கிற பைக்கின் முன்சில்லு சரியாக அந்த வரியின்மேல் வந்து விழுந்தது. எழுத்தைச் சின்னதாக்கினாள், அசிங்கமாக இருந்தது. ஓரத்துக்குத் தள்ளினாள், டயர்க்கடையின் பெயரோடு முட்டியது. வெளியூரானுக்குப் பிறையைப் பற்றி என்ன அக்கறை என்று நினைத்து வரியை அழித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, திகதி, காலை ஒன்பது மணி, சங்குத்திடல். படம் பளிச்சென்று நின்றது. பேஸ்புக் பக்கத்தில் போட்ட முதல் நாளிலேயே அறுநூறு பேர் பகிர்ந்தார்கள்.

முத்தலிபுவிடம் கடதாசியில் எழுதிக் கொடுத்தாள். அவர் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஓட்டோவில் தன் பாட்டுக்குச் சொன்னார்: "பெருநாள் மறுநாள் சங்குத்திடலில் மோட்டார் சைக்கிள் ஓட்டம். பெண்களுக்குத் தனி இடம் உண்டு. பெருநாள் மறுநாள்..."

"நானா, திகதி?" என்று அவள் தெருவில் நின்று கத்தினாள்.

"ஊருக்குத் தெரியும் புள்ள" என்று கையை அசைத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பொழுதுபட்டு, மஃரிபு தொழுகைக்குப் பிறகு ஊரே வானொலிக்கு முன்னால் இருந்தது. எங்கும் பிறை தென்படவில்லை, நோன்பு முப்பதாகப் பூர்த்தியாகும், பெருநாள் ஞாயிற்றுக்கிழமை என்று அறிவித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஹாசிம் கடை வாசலில் நின்றார்.

"திங்கள்தான் ஓட்டம். பேஸ்புக்கில மாத்து."

எமிலியா மாற்றினாள். பக்கத்திலிருந்த படத்தை எடுத்துவிட்டுப் புதுப்படம் போட்டாள். ஆனால் பகிரப்பட்ட பழைய படம் அவள் கையில் இல்லை. அது ஆட்களின் போன்களுக்குள் போய், அங்கிருந்து வட்ஸ்அப்புக்குப் போய், சிலாபம் தாண்டி, குளியாப்பிட்டி தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தது. திருத்திய படத்தை விடியும்வரை பகிர்ந்தவர்கள் பதினேழு பேர்.

முத்தலிபு ஒன்றையும் மாற்றவில்லை. சனிக்கிழமையும் அதே ராகத்தில் சுற்றினார். "எனக்கென்ன? நான் மறுநாள் எண்டுதானே சொன்ன."

ஞாயிறு காலை மாதா கோயிலுக்குப் போகாமல் எமிலியா திடலுக்குப் போனாள். எட்டரைக்கே பாலாவி ரோட்டில் இரைச்சல் கேட்டது. பத்து, இருபது என்று பைக்குகள் வந்து வெறுந்திடலில் நின்றன. கயிறில்லை, கொடியில்லை, காற்று மட்டும் அடித்தது. குளியாப்பிட்டியிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு வந்த ஒரு சிங்களப் பொடியன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"அக்கே, பந்தயம் எங்க?"

"நாளைக்கு" என்றாள் எமிலியா சிங்களத்தில்.

அவன் போனை எடுத்துப் போஸ்டரைக் காட்டினான். "இது யார் போட்டது?"

பக்கத்தில் நின்றவன், "பந்தயம் நாளைக்கு எண்டா நாங்க முதலாவதாத்தானே வந்திருக்கிறம், கப்பைத் தாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பின்னால் நின்ற நாலைந்து பேர் சிரிக்கவில்லை. ஒருவன் தகாத வார்த்தை சொன்னான். எமிலியா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "நான்தான் போட்டது. என் பிழைதான். பெருநாள் ஒருநாள் தள்ளிப் போயிட்டுது" என்று வந்த ஒவ்வொரு குழுவிடமும் சொன்னாள். சொல்லிக்கொண்டே குறிப்புக் கொப்பியைத் திறந்தாள். ஏச்சு வாங்குவது வாங்கத்தான் வேண்டும். வந்தவர்களிடம் கேட்காமல் விட்டால் இன்னொரு தரம் கேட்கக் கிடைக்காது. எங்கிருந்து? எதில் பார்த்தீங்க? எத்தனை பேர் சேர்ந்து?

அப்போதுதான் அவளுக்கு விளங்கத் தொடங்கியது. தான் விட்ட பிழை இரண்டு கூட்டத்தையும் அரிசியும் கல்லும்போலப் பிரித்து வைத்திருக்கிறது. இன்றைக்கு வந்தவர்கள் முழுக்கப் படத்தில் இருந்த திகதியைப் பார்த்து வந்தவர்கள். வேறு வழியில் கேள்விப்பட்ட ஒருவரும் இன்றைக்கு வர முடியாது. ஒப்பீடு தானாகவே நடந்துகொண்டிருந்தது.

மத்தியானம்வரை நானூற்று முப்பது பேர். வெண்ணப்புவை, நீர்கொழும்பு, சிலாபம், குளியாப்பிட்டி. பெரும்பாலும் இருபதிலிருந்து முப்பது வயது. பெண்கள் ஏழு பேர். எல்லோரும் சொந்த பைக்கில். திடல் முகப்பில் முன்பே கட்டியிருந்த டயர்க்கடைப் பதாகைக்கு முன் பைக்கை நிறுத்திப் படம் எடுத்தார்கள். சிலர் டயர் அளவுகள் விசாரித்தார்கள். கற்பிட்டியிலிருந்து ஒருவருமில்லை. ஊர் பள்ளியில் தொழுதுவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

பகல் தொழுகைக்குப் பிறகு புதுச்சட்டையோடு முத்தலிபு ஓட்டோவில் வந்து இறங்கினார். திடலைப் பார்த்தார், எமிலியாவைப் பார்த்தார்.

"ஆத்தாடி! இவ்வளவு பேரையும் நீயா கூப்பிட்ட?"

"ஓம் நானா."

"சாப்பாடும் நீயா குடுக்கப் போற?"

முத்தலிபு மைக்கைக் கையில் எடுத்தார். அரைகுறைச் சிங்களத்தில், அதே ஆட்டு ராகத்தில் சொன்னார்: "இன்றைக்கு எங்களுக்குப் பெருநாள். வந்தவர் எல்லாரும் விருந்தாளி. பசியோட யாரும் போகப்படாது." சொல்லிவிட்டுத் தன் சாச்சியின் வீட்டு வாசலுக்கு முப்பது பேரைக் கூட்டிப்போனார். ஹாசிம் வீட்டுக்கு நாற்பது பேர். கடற்கரைப் பக்க வீடுகளில் ஐந்தும் பத்துமாகப் பிரிந்தார்கள். பிரியாணி முடிந்த வீட்டில் இனிப்பு வட்டிலப்பம். பெருநாளன்று வாசலுக்கு வந்தவனை ஏன் வந்தாய் என்று கற்பிட்டியில் யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு அந்த வழக்கம் எமிலியாவைக் காப்பாற்றியது. பின்னேரம் முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்பினார்கள். கப் கேட்டவனும் அவனுடைய கூட்டாளிகளும் அடுத்த நாளைக்கென்று தங்கினார்கள்.

திங்கள் வேறு உலகம். ஓட்டோக்களிலும் டிராக்டர் பெட்டிகளிலும் கால்நடையாகவும் சனம் வந்தது. உச்சமுனையிலிருந்து ஆறு வள்ளம். நிழலுக்குத் தறப்பாள் கட்டியிருந்த பெண்கள் பக்கம் பத்து மணிக்கே நிறைந்துவிட்டது. ஹாசிமின் ஆட்கள் வாசலில் இரண்டாயிரத்து இருநூறுக்கு மேல் எண்ணினார்கள். எமிலியா அறுநூறு பேரிடம் கேட்டாள். ஐந்நூறுக்கு மேல் ஒரே பதில்: "முத்தலிபு சொன்னாரே." வீட்டுக்குள் இருந்து கேட்டதாகப் பெண்கள் சொன்னார்கள். "என்ட பொஞ்சாதி கேட்டுச் சொன்னா" என்றார்கள் ஆண்கள். குறிஞ்சிப்பிட்டிப் பெண் ஒருத்தி, "நான் ஓட்டோவை மறிச்சுக் கேட்டேன், பெண்களுக்கு நிழல் இருக்கா எண்டு. இருக்கு எண்டார். அதுக்குப் பிறகுதான் வந்த" என்றாள்.

கையில் பெரிய போனோடு நின்ற இளைஞர்களிடம் கேட்டாள். "எங்கட பேஸ்புக் பக்கத்தைப் பார்க்கிறதில்லையா?"

"பார்ப்போம் அக்கா. ஓட்டம் முடிஞ்ச பிறகு. எங்கட படம் வந்திருக்கா எண்டு."

உச்சமுனை மீனவர் இஸ்ஸதீன் கயிற்றோரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். "தங்கச்சி, சீடி எப்ப வரும்?"

"நேரிலயே பாக்கிறீங்க, சீடி என்னத்துக்கு?"

"என்னத்தப் பார்த்த? புழுதியத்தான் பார்த்த. யார் வெண்ட எண்டு சீடியில பார்த்தாத்தான் தெரியும்."

எமிலியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எழுதினாள். நேரில் வந்தவனுக்குச் சத்தமும் கூட்டமும் புழுதியும். சீடிக்காரனுக்கு ஓட்டம். பேஸ்புக் பக்கத்துக்காரனுக்குத் தன் முகம். மூவரும் ஒரே பந்தயத்தைப் பார்த்ததாகத்தான் சொல்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை கடையைப் பாதி சாத்திவிட்டு ஒப்பீட்டை எழுத உட்கார்ந்தாள். திங்கள் போட்ட நேரலைக்குப் பதினோராயிரம் பார்வை வந்திருந்தது. அந்த எண்ணைப் பெரிதாக எழுதினாள். அதற்குக் கீழே, இதுவரை யாருக்கும் காட்டாத இன்னொரு எண் இருந்தது. ஒருவர் சராசரியாகப் பார்த்த நேரம்: பதினெட்டு விநாடி.

ஜெறாட் கட்டாரிலிருந்து போன் எடுத்தான். "லைவ் பார்த்தன்" என்றான்.

"எவ்வளவு நேரம்?"

"திறந்தன். சிப்ட் முடிஞ்சு வந்த அலுப்பு. நித்திரையாப் போனன். அது பாட்டுக்கு ஓடிச்சுது."

"அப்ப சராசரியைக் கூட்டினது நீங்கதான்" என்றாள். அவனுக்கு விளங்கவில்லை. அவள் விளக்கவுமில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் மூன்று நிமிடத்துக்காக மூன்று மணித்தியாலம் காத்துநின்ற பெண்களை நினைத்தாள். அங்கே ஒரு விநாடியும் வீணாகப் போனதில்லை. பார்த்தவர் என்றும் கேட்டவர் என்றும் எதை வைத்துக் கணக்கெடுப்பது?

ஹாசிம் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஏன் பிரிச்சுப் பிரிச்சு எழுதுற? ரெண்டு நாளையும் கூட்டு. பதினோராயிரம் வியூ, ரெண்டாயிரத்து அறுநூறு பேர் நேரில. எல்லாம் பேஸ்புக்கால எண்டு போடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும் நானா."

"உன்ட கடை போகும், அதுவும் தெரியும்தானே?"

"தெரியும்."

ஹாசிம் "பைத்தியம்" என்று சொல்லிவிட்டுப் போனார். குரலில் கோபத்தைவிடக் கவலைதான் கூட இருந்தது.

அவர் போனபிறகு அவள் ஒரு மணித்தியாலம் ஒன்றும் எழுதவில்லை. கூட்டிப் போட்டால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் உடப்பில் கண்டுபிடித்துவிடுவார்கள். பேஸ்புக்கை மட்டும் நம்பி அங்கே பந்தயம் வைத்தால், அந்தக் கடற்கரையில் வெண்ணப்புவைப் பைக்குகள் மட்டும்தான் நிற்கும். ஊர் தன் பாட்டுக்கு வலை பின்னிக்கொண்டிருக்கும். அவள் எழுதினாள். எல்லாவற்றையும் எழுதினாள். கடைசியில், தான் அழித்த வரியைப் பற்றியும் எழுதினாள்.

புதன்கிழமை பஸ்ஸில் சிலாபம் போனாள். பரமநாதன் கடையின் பின்பக்கத்தில், டயர் அடுக்குகளுக்கு நடுவே மேசை. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஐந்து பக்கத்தையும் வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார்.

"பேஸ்புக் ஒண்டே காணும் எண்டு சொன்னது நீங்கள்தானே?"

"ஓம் அண்ணை."

"அது பிழை எண்டு எழுதியிருக்கிறதும் நீங்கள்."

"ஓம்."

"ஞாயிறு வந்த பெடியள் பைக் டயர் வாங்கிற ஆக்கள். திங்கள் வந்த சனம் ஓட்டோவும் டிராக்டரும் வைச்சிருக்கிற ஆக்கள். எனக்கு ரெண்டும் வேணும்." கடதாசியை மேசையில் வைத்தார். "அப்ப ஏன் ஒரே கையில குடுக்கவேணும்? ஸ்பீக்கரை முத்தலிபுட்ட நேர குடுக்கிறன். பேஸ்புக் பக்கத்தை நீங்கள் பாருங்கோ. போஸ்டரை இங்க சிலாபத்தில அடிக்கலாம்."

உண்மையை எழுதியதற்குக் கூலி இதுதான்: மூன்றில் ஒரு பங்கு வேலை, நீர்கொழும்பு பஸ். நன்றி சொல்லி எழும்பப் போனவள், எழும்பாமல் கேட்டாள்.

"அண்ணை, ஞாயிறு நானூறு பேர் ஏன் வெறுந்திடலுக்கு வந்தவை?"

"நீங்கள் பிழையான நாளைப் போட்டபடியால்."

"நான் போட்ட நாள் பிழையில்லை, முத்தலிபு நானா சொன்ன நாளும் பிழையில்லை. ரெண்டும் ஒண்டா இருக்கேல்லை, அதுதான் பிழை. நான் திகதி சொன்னன், அவர் பெருநாளைச் சொன்னார். ரெண்டு பேரும் இருந்து கதைக்கேல்லை. இப்ப நீங்கள் மூண்டு இடத்தில குடுத்தா உடப்பில மூண்டு கூட்டம் மூண்டு நாளில வரும். வாசலில நிண்டு பேச்சு வாங்க ஆரை நிறுத்துவீங்க?"

பரமநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பிழை விட்ட ஆள் அந்தப் பிழையைக் காட்டியே வேலை கேக்கிறியள்."

"வேற ஒருத்தருக்கும் இந்தப் பிழை இவ்வளவு நல்லாத் தெரியாது அண்ணை."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். கடைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடிந்ததும் முகம் மாறியது. "உடப்பு மட்டும் தாறன். வண்ணாத்திவில்லு அதைப் பார்த்து. ஒரு நிபந்தனை. முத்தலிபு உங்களோட சேர்ந்து செய்யிறன் எண்டு அவர் வாயால சொல்லவேணும். அவரை வேண்டாம் எண்டு சொன்ன ஆள் நீங்கள். அவருக்கு அது தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப முதல்ல அதைச் சொல்லுங்கோ."

வியாழன் காலை முத்தலிபு ஓட்டோவின் மேலே ஏறி ஸ்பீக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எமிலியா கீழே நின்று, சுற்றிவளைக்காமல் சொன்னாள். பரமநாதனிடம் நோன்பு பத்தாம் நாள் என்ன சொன்னாள் என்பதையும், இப்போது எதற்கு வந்திருக்கிறாள் என்பதையும்.

முத்தலிபு துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"ஆர் சொன்னது?"

"ஹாசிம் அண்டைக்கே சொன்னான். நான் ஊருக்கே அறிவித்தல் சொல்றவன். என்னைப் பத்தின அறிவித்தல் எனக்கு வராதா?"

"அப்ப ஞாயிறு ஏன் எனக்கு உதவி செய்தீங்க?"

"உனக்கா செய்த? பசிச்சவனுக்குச் செய்த." துணியை உதறினார். காற்று தூசியை அவள் முகத்தில் கொண்டுவந்து போட்டது. வேண்டுமென்றுதான் உதறினார் என்று அவளுக்குப் பட்டது. "என்னத்தையோ எழுதிக் குடுத்தியாமே. என்னைப் பத்தி என்ன எழுதின?"

எமிலியா பையிலிருந்து பிரதியை எடுத்தாள். தெருவில் நின்று வாசித்தாள்: "‘ஒலிபெருக்கி அறிவித்தலால் வந்தவர்கள் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேர், கேட்ட அறுநூறில். இவர்களில் அரைவாசிக்கு மேல் பெண்கள். மற்ற வழியில் வந்த பெண்கள் ஏழு பேர் மட்டும். அறிவிப்பவரை மறித்துக் கேள்வி கேட்க முடிகிறது. அவர் உடனே பதில் சொல்கிறார். பேஸ்புக் பக்கத்தில் கேட்ட கேள்விகளுக்கு நான் பதில் போட்டது மூன்றாம் நாள்.’"

"மூண்டாம் நாளா?"

"ஓம்."

"வெக்கமில்லையா புள்ள?"

"இருக்கு. அதான் எழுதின."

முத்தலிபு ஓட்டோவிலிருந்து இறங்கினார். கடதாசியை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்ற எண் இருந்த இடத்தைக் கேட்டு அறிந்து, அதன்மேல் விரலை வைத்தார்.

"சேர்ந்து செய்யலாம். ஆனா நீ எழுதித் தாறதை நான் வாசிக்க மாட்டேன். என்ட வாயில வாறதைத்தான் சொல்லுவேன்."

"சரி. ஆனா நாளை மட்டும் ரெண்டு பேரும் ஒண்டாத் தீர்மானிக்கோணும்."

"உடப்பில பிறை பார்க்க மாட்டாங்களே. அங்க என்ன பார்ப்பாங்க?"

எமிலியாவுக்குத் தெரியவில்லை. கோயில் திருவிழா ஆடியில் வரும், கொடி ஏறினால் வள்ளம் இறங்காது என்று யாரோ சொன்ன ஞாபகம். சரியாகத் தெரியாது என்றாள்.

"தெரியாதெண்டு சொன்னியே, அது நல்லம்" என்றார் முத்தலிபு. "ஏறு. போய்க் கேட்டுட்டு வருவம். போற வழியில ஏத்தாளையில ஒரு ஆட்டுக்காரன் நிக்கிறான், அவன்ட அறிவித்தலையும் சொல்லிட்டுப் போகணும். அவசரமெண்டா நீ பஸ்ஸில வா."

அவள் கடையைப் பூட்டிவிட்டு வந்து பின்சீட்டில், ஸ்பீக்கர் வயர்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தாள்.